மருந்துக்கு முன்னால் தண்ணீர்

திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் சுந்தர மந்திரம் என்று ஒரு வீடு இருக்கிறது. வக்கீல் சுந்தரமய்யரின் வீடு. 1879 டிசம்பர் 30ஆம் தேதி ரமண மகரிஷி பிறந்தது அங்கேதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு அது வாய்த்ததில்லை. புற்றுநோய் வார்டில் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். அந்தப் படியேறினால் அவருடைய 1949ஆம் வருடத்துக் கேஸ் ஷீட்தான் மனசில் ஓடும். இடது முழங்கைப் பக்கம் சின்னக் கட்டி. பிப்ரவரியில் வெட்டி எடுத்தார்கள். மார்ச்சில் மறுபடி, ஆகஸ்டில் மறுபடி, டிசம்பரில் நான்காம் தடவை. சார்கோமா என்ற புற்றுநோய் எனத் தெரிந்து ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் காலமானார்.

அந்தக் கேஸ் ஷீட்டில் கீமோவுக்கு இடமே கிடையாது. கத்தி, ரேடியம், அதற்கு மேல் விதி. புற்றுநோய்க்கு ஊசி மருந்து என்ற யோசனையே உலகத்தில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அதில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு அமெரிக்கா போனவர். அங்கே லெடர்லி கம்பெனியில் அவருடைய குழு செய்து கொடுத்த அமினோப்டெரின் மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948 ஜூனில் கட்டுரை எழுதினார். அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றுவரை நம் வார்டுகளில் புழங்குகிறது.

இந்த மருந்துகள் எல்லாம் ஒருவகை விஷம். வேலையை முடித்ததும் உடம்பைவிட்டு வெளியேறியாக வேண்டும். பலவற்றுக்குப் போகும் வழி கிட்னிதான். போகிற வழியைப் புண்ணாக்காமல் விஷத்தை எப்படி அனுப்புவது? இதற்கு விடை கண்டுபிடித்த கதையில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கதை. அதனால்தான் தண்ணிக்குத் தவிக்கும் ஊர்க்காரியான எனக்கு அதை எழுதத் தோன்றியது.

திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காட்டில் பிறந்தவள் நான். குண்டாறு பக்கத்தில்தான் போகிறது. ஆறு என்று பெயர், மணலைத்தான் வருடம் முழுக்கப் பார்க்கலாம். பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கிய இடம் இது என்று தலபுராணம் சொல்லும். “அன்னைக்கு உள்ள போன தண்ணிதான், இன்னும் மேல வரல” என்பார் என் தாத்தா. கிணற்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக்கு ஊருணி, ஊருணி வற்றினால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊர். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரைப் பெண்கள் எண்ணித்தான் குடிப்பார்கள். எண்ணிக் குடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட்னியையும் கீமோவையும் சேர்த்துப் பேசினால் முதலில் வரவேண்டிய பெயர் சிஸ்பிளாட்டின். பிளாட்டினத்தில் செய்த மருந்து. அந்த உப்பை 1840களிலேயே மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் செய்துவிட்டார். எதற்கு ஆகும் என்று தெரியாமல் நூறு வருடத்துக்கும் மேல் ரசாயனப் புத்தகத்தில் கிடந்தது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற இயற்பியல்காரர், மின்சாரம் பாய்ச்சினால் செல்கள் பிரிவதில் ஏதாவது மாற்றம் வருமா என்று பாக்டீரியாவை வைத்துச் சோதித்தார். பாக்டீரியா பிரியவே இல்லை. வழக்கமான நீளத்தைப்போல முந்நூறு மடங்கு வரை நூலாக நீண்டது. ஆளைக் குழப்பிவிட்டது அது. கடைசியில் பார்த்தால் மின்சாரம் காரணமே இல்லை. எதிலும் கரையாது என்று நம்பிப் போட்டிருந்த பிளாட்டினக் கம்பி, கரைசலில் இருந்த நவச்சாரத்தோடு சேர்ந்து மெல்லக் கரைந்திருக்கிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பையில் வைத்திருப்பாரே, அதே நவச்சாரம். பிறந்தது பெய்ரோனேயின் பழைய உப்பு. 1965இல் முதல் கட்டுரை. 1969இல் எலிகளில் சார்கோமாக் கட்டி கரைந்ததைச் சொல்லும் கட்டுரை.

1970களின் தொடக்கத்தில் மனிதருக்குக் கொடுத்தபோது கட்டி கரைந்தது, கிட்னியும் போனது. உடம்பின் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே நூற்றில் 28 முதல் 36 பேருக்குக் கிட்னி பாதிப்பு என்று அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ரத்தத்தில் உப்பு அதிகம், அதிலுள்ள குளோரைடு இருக்கும்வரை மருந்து அடங்கிக் கிடக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே போனதும் அவிழ்ந்துகொண்டு மரபணுவைப் பிடிக்கும். புற்றுநோய்ச் செல்லுக்குள் நடக்க வேண்டிய இந்த வேலை கிட்னியின் நுண்குழாய்ச் செல்லுக்குள்ளும் நடக்கும். அந்தச் செல்களோ ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு மருந்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவை. போதாக்குறைக்கு வாந்தி. சிஸ்பிளாட்டின் வாந்தியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உடம்பில் இருக்கிற நீரெல்லாம் வாய்வழியே போய்விட, வறண்ட கிட்னியில் கெட்டியான மருந்து தேங்கும். இதைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சே அப்போது வந்துவிட்டது.

காப்பாற்றியது புது மருந்து எதுவும் கிடையாது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் எஸ்தேபான் ஸ்விட்கோவிச் என்ற அர்ஜென்டினாக்காரரும் சகாக்களும், முதலில் நாய்களுக்கு ஏராளமாகத் தண்ணீர் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் மானிட்டாலையும் கொடுத்து, பிறகு சிஸ்பிளாட்டின் செலுத்தினார்கள். கிட்னி தாங்கியது. டேனியல் ஹேய்ஸ் முதலானோர் அதே முறையில் நோயாளிகளுக்கு முன்பைவிடக் கூடுதல் அளவே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கட்டுரைகளும் 1977இல் வந்தன. அதே வருடம் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் இதே மருந்தை வேறு இரண்டோடு சேர்த்து, பரவிப்போன விரைப் புற்றுநோயையும் குணமாக்கலாம் என்று காட்டினார். 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றுவது ஒன்றும் புதிதில்லை. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் காலரா நோயாளிகளுக்குச் செய்ததுதான். பெய்ரோனேயின் உப்பு தோன்றும் முன்பே அதற்கு மாற்று வந்துவிட்டது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு புற்றுநோய் வார்டில் நான் சேர்ந்தபோது இந்த வழக்கம் எங்கள் கைக்கு வந்திருந்தது. முதல்நாள் சாயங்காலமே அட்மிஷன். 540 மில்லி கண்ணாடி பாட்டில்களில் நார்மல் சலைன். மருந்துக்கு முன்னால் இரண்டு மூன்று, பின்னால் அதைவிடக் கூட. நடுவில் மானிட்டால். மார்கழிக் குளிரில் மானிட்டால் பாட்டிலுக்குள் கற்கண்டுபோல ஊசி ஊசியாகப் படிகம் கட்டிவிடும். கடைசிப் படிகமும் கரையும்வரை பாட்டிலை வெந்நீர் வாளியில் நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கை சூட்டுக்கு ஆறிய பிறகுதான் மாட்டுவோம். சிஸ்பிளாட்டின் கலந்த பாட்டிலுக்கு வெளிச்சம் ஆகாது, கறுப்புத் தாளைச் சுற்றுவோம். அலுமினியம் பட்டாலும் கெட்டுவிடும். உப்பில்லாத வெறும் குளுக்கோஸில் கலந்தால் மருந்து நிலைக்காது. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு. “குளுக்கோஸ் ஏத்துங்க தாயி, தெம்பா இருக்கும்” என்று கெஞ்சுவார்கள். உப்புத் தண்ணி ஏற்றுகிறோம் என்றால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்கள். உப்புத் தண்ணிக்குப் பயந்து பயந்து பிழைத்த ஊர்க்காரர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த ராத்திரி டியூட்டியில் முக்கிய வேலை அளப்பது. உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று ஒரு சார்ட். மணிக்கு 100 மில்லியாவது சிறுநீர் வரவேண்டும். கோடு போட்ட ஜக்கில் ஊற்றிப் பார்த்து எழுதுவேன். ‘ஒண்ணுக்கை அளக்கிற சிஸ்டர்’ என்று எனக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். ஆண்கள் சிரித்துக்கொண்டே ஜக்கை நீட்டுவார்கள். பெண்கள் பாடுதான் பாடு. நரிக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், பாட்டில் பாட்டிலாக ஏறியும் விடியவிடிய அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். வயிறு கல்லாக இருந்தது. ஏன் என்று கேட்டால், “இம்புட்டுப் பேரு இருக்கையில எப்பிடித் தாயி?” என்றார். திரையை இழுத்து, வார்டு லைட்டை அணைத்து, குழாயைத் திறந்து சத்தம் கேட்கவிட்ட பிறகுதான் போனார்.

முன்பு சொல்கிறேன் என்றது இதைத்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பொழுது விடியும் முன்னே ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை என்று சீமைக்கருவேல மறைவுக்குப் போய் வளர்ந்தவர்கள். நடுவில் பகல் முழுக்க மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை, ஆகவே குடிக்க வேண்டாம். மதுரைக்கு பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் தொடமாட்டார்கள். அதாவது, கீமோ நாளன்று வார்டுக்கு வந்து சேர்கிறபோதே கிட்னி வறண்டுதான் வந்து சேரும். கழிப்பறைத் திட்டங்கள் வந்துவிட்டன, உண்மைதான். தண்ணீர் இல்லாத கழிப்பறையில் விறகு அடுக்கியிருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது கூடவே சிஸ்பிளாட்டினும் கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள், ஐந்து ஆய்வுகளில் தெரிந்தது என்று. அதற்கப்புறம் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்பது நாட்டுப்புறத்துப் பெண்களின் மருந்தாகிவிட்டது. அவர்களோ வெள்ளைப்படுதலையும் உதிரத்தையும் மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, முற்றிய பிறகு வருகிறவர்கள். கட்டி வளர்ந்து சிறுநீர்க் குழாயை இரண்டு பக்கமும் நெருக்கியிருக்கும். ஸ்கேனில் கிட்னி வீங்கித் தெரியும். இந்த நோயில் சாவு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும், உப்பும் யூரியாவும் ஏறி. அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றினாலும் பயனில்லை, ஆபத்தும்கூட. அடைப்பை முதலில் திறக்க வேண்டும். உள்ளே ஸ்டென்ட் வைக்கலாம், அல்லது முதுகு வழியாகக் கிட்னிக்குள் ட்யூப் போட்டுப் பையில் வடிக்கலாம். பையைப் பார்த்ததும் வீட்டார் அழுவார்கள். அந்தப் பை நிறைந்தால்தான் மருந்துக்கு வழி பிறக்கும் என்று சொல்லித் தேற்றுவோம்.

இன்னொரு சூட்சுமம், இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரிய டாக்டர். கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே இல்லாத, நாற்பது கிலோகூட இல்லாத பெண்ணுக்கு கிட்னி பாதி போயிருந்தாலும் ரிப்போர்ட்டில் எண் நல்லதாகவே நிற்கும். 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் வைத்து ஒரு கணக்கு சொன்னார்கள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ‘நார்மல்’ என்ற எண்ணை மட்டும் நம்பி மருந்து ஏற்றினால் மெலிந்த உடம்புக்காரர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் சீமையில் மெலியாத உடம்பு எது?

சுப்பாராவின் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு வேறு உபசாரம். எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு அதை மிகப்பெரிய அளவில் கொடுக்கும் முறை 1970களில் வந்தது. சிறுநீர் புளிப்பாக இருந்தால் அந்த மருந்து கிட்னிக் குழாயில் படிகமாக உறைந்து அடைத்துவிடும். ஆகவே தண்ணீரோடு சோடா பைகார்பனேட்டும் ஏற்றி, ஒவ்வொரு தடவை போகும்போதும் சிறுநீரில் காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். 7க்கு மேல் நின்றால் நிம்மதி. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிடுவார்கள். பச்சை வந்தால் கைதட்டல். பிறகு கணக்கான நேரத்தில் லூக்கோவோரின் கொடுத்து உடம்பின் மற்ற செல்களை மீட்க வேண்டும். ரத்தத்தில் தங்கிப்போன மெத்தோட்ரெக்ஸேட்டை வெட்டி எறியும் குளூகார்ப்பிடேஸ் என்ற என்சைம் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலையைக் கேட்டால் திருச்சுழியில் பாதி நிலத்தை விற்க வேண்டும்.

சிஸ்பிளாட்டினுக்கே ஒரு சாதுவான தம்பியைத் தேடி லண்டனில் வளர்த்தெடுத்ததுதான் கார்போபிளாட்டின். கிட்னியை அவ்வளவாகத் தொடாது. 1989இல் ஹிலாரி கால்வெர்ட் அதற்குச் சொன்ன கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். மற்ற கீமோக்களில் பெரும்பாலானவற்றுக்கு உயரம், எடை பார்த்து அளவு முடிவாகும். இதற்கு, நோயாளியின் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வைத்தே அளவு. ஆனால் எல்லா நோய்க்கும் அது அண்ணனுக்கு ஈடாகாது. அமெரிக்க ராணுவம் அணுகுண்டுக் கதிர்வீச்சிலிருந்து சிப்பாய்களைக் காக்கத் தேடிய அமிஃபாஸ்டினை 1990களின் நடுவில் கிட்னி காக்கும் மருந்தாக அனுமதித்தார்கள். விலை, வாந்தி, சட்டென இறங்கும் பிரஷர் என்று மூன்று குறை. பெரிதாகப் புழங்கவில்லை.

தண்ணீர் மட்டும் நிலைத்தது. அதிலும் சடங்கு குறைந்துகொண்டே வந்தது. 2003இல் வந்த ஓர் ஆய்வு, மானிட்டால் இல்லாமல் வெறும் சலைனே போதும், மானிட்டால் சேர்த்தவர்களுக்கு மோசம் என்றுகூடச் சொன்னது. வெந்நீர் வாளியோடு நான் பட்ட பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இப்போது மிக அதிக அளவு சிஸ்பிளாட்டின் என்றால் மட்டும் மானிட்டாலை எடுக்கிறார்கள். மெக்னீசியம் முக்கியமாகிவிட்டது. சிஸ்பிளாட்டின் கிட்னி வழியாக மெக்னீசியத்தை வாரிக்கொண்டு போகும், கை கால் இழுக்கும், கிட்னிப் பாதிப்பும் கூடும். ஆகவே பேதி உப்பு என்று நாம் சொல்லும் அதே மெக்னீசியம் சல்பேட்டை பாட்டிலிலேயே கலந்து கொடுக்கிறார்கள். 1990களில் வந்த ஆன்டன்செட்ரான் வாந்தியை அடக்கியதும் பெரிய உதவி. வாந்தி நின்றால் குடிக்கலாம், குடித்தால் கிட்னி பிழைக்கும். இரண்டு நாள் படுக்கை என்பது காலையில் வந்து சாயங்காலம் போவது என்று சுருங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு இது லாபம், நோயாளிக்கும் சௌகரியம். எனக்குள்ள கவலை ஒன்றுதான். அன்று ராத்திரி முழுக்க நானும் என் ஜக்கும் பார்த்த வேலையை இன்று வீடு பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நல்ல தண்ணி தள்ளுவண்டியில் வருகிறது. கழிப்பறையில் விறகு இருக்கிறது. ‘நிறையத் தண்ணி குடிங்க’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிவிட்டால் முடிந்ததா?

ஊர்ப்பக்கம் கிட்னிக்கு வேறு எதிரிகளும் உண்டு. மூட்டு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரையும், கேட்டுப் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் கீமோ காலத்தில் ரெட்டை அடி. நாட்டு வைத்தியம் எல்லாம் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அந்த இனத்து மூலிகை கலந்த, உடம்பு இளைக்கும் மருந்தைத் தின்ற பெல்ஜியம் பெண்களுக்குக் கிட்னி போனதை 1993இல் டாக்டர்கள் வெளியிட்டார்கள். பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடு தின்னாது என்று பேர் வைத்தவர்கள் காரணமாகத்தான் வைத்தார்கள். நெருஞ்சிமுள் கசாயம், வாழைத்தண்டுச் சாறு என்று யார் என்ன சொன்னாலும், கீமோ முடியும்வரை டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

கூடத் துணைக்கு வருகிறவர்களுக்குத்தான் நான் சொல்வது. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் கிரியாட்டினின் பார்த்தார்களா, எடையோடு கணக்குப் போட்டார்களா என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சுகர், பிரஷர் இருந்தால் முதல்நாளே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் எத்தனை லிட்டர் குடிக்கவேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இருதயம் பலவீனமானவருக்கும் கிட்னி அடைத்தவருக்கும் அந்த அளவு வேறு. ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து வைத்து எத்தனை தடவை காலியானது என்று கோடு போடுங்கள். வாந்தியில் தண்ணீர் தங்கவில்லை என்றாலோ, பகல் முழுக்கச் சிறுநீர் வரவில்லை என்றாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே திரும்பிக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் ஏறும்முன் அந்த அம்மா தண்ணீர் குடித்தாரா என்று பாருங்கள். இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று முதலில் விசாரியுங்கள். வீட்டுக் கழிப்பறையில் விறகு இருந்தால், கீமோ தொடங்கும் முன்பே எடுத்து வெளியே போடுங்கள்.